ஊர்க் குளத்துக்காகப் பத்து பேர் இருக்கிறோம், எங்களுக்கு யார், எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

குளத்தங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன், பக்கத்து ஊர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு குளம் இருக்கிறது. ஆற்றுக் கால்வாயில் தண்ணீர் வரும், ஐப்பசி கார்த்திகையில் நிறைந்து மறுகால் பாயும், சித்திரையில் நடுவில் மட்டும் குட்டை மாதிரி கொஞ்சம் நிற்கும். பிசான நெல் சாகுபடிக்கு இந்தக் குளத்துத் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறோம்.

புரட்டாசியில் கரையைச் சுத்தம் செய்யலாம் என்று கூப்பிட்டேன், நாற்பது பேர் வந்தார்கள். அடுத்த மாதம் பதினெட்டு பேர். கார்த்திகையில் பத்து பேர். அந்தப் பத்து பேர் மட்டும் இப்போது எந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் வருகிறார்கள். கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர், ஒரு தையல்காரர், ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர், நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காமார் மூன்று பேர், ஒன்பதாவது படிக்கும் என் அண்ணன் மகள், அப்புறம் அவளுடைய தோழிகள் இருவர்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளையாக எது நின்றாலும் நான் கொக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் மகள் கேட்டாள், "அத்தை, அதுக்கு மூக்கு கருப்பா இருக்கு, பக்கத்துல நிக்கிறதுக்கு மஞ்சளா இருக்கு, ரெண்டும் கொக்குன்னா எப்படி?" எனக்குப் பதில் தெரியவில்லை. பதினாறு வருஷமாக அறிவியல் பாடம் நடத்துகிறேன், பிறந்ததிலிருந்து இந்தக் குளத்தைப் பார்க்கிறேன், ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

குப்பை பொறுக்குவதோடு நிறுத்தாமல், இந்தப் பத்து பேரும் குளத்தை நன்றாகத் தெரிந்தவர்களாக ஆக வேண்டும் என்பது என் ஆசை. எங்கிருந்து தொடங்குவது? புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன, அக்காமார்களுக்கு அது உதவாது. வெளியிலிருந்து நிபுணர் யாரையாவது கூப்பிட வேண்டுமா? அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா? இன்னொன்று, ஒருவர் 300 மரக்கன்று தருகிறேன், குளத்தைச் சுற்றி இருக்கும் வெட்டவெளியில் நட்டுவிடுங்கள் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

—

உள்ளான் எழுதியது:

டீச்சர், உங்கள் அண்ணன் மகள் கேட்டதுதான் முதல் பாடம். அதற்குப் பதிலைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

கருப்பு அலகு, கருப்புக் கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள், மஞ்சள் செருப்புப் போட்ட மாதிரி இருந்தால் சின்ன வெள்ளைக்கொக்கு. அதைவிடக் கொஞ்சம் உயரம், அலகு மஞ்சள், கால் பாதம் எல்லாம் கருப்பு என்றால் நடுத்தர வெள்ளைக்கொக்கு. இன்னும் உயரமாக, கழுத்து நீண்டு, வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போனால் பெரிய வெள்ளைக்கொக்கு. குட்டையாக, தடித்த மஞ்சள் அலகோடு மாட்டுக்குப் பின்னாலேயே நடப்பது உண்ணிக்கொக்கு. உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறத்தில் கண்ணுக்கே தெரியாமல் இருந்து, பறக்கும்போது திடீரென்று வெள்ளை இறக்கை காட்டுவது மடையான். இனப்பெருக்க காலத்தில் சிலவற்றுக்கு அலகின் நிறம் மாறும், அது உங்களுக்கு அடுத்த வருஷத்துப் பாடமாக இருக்கட்டும். இந்த ஐந்தையும் பத்து பேரும் தயங்காமல் சொல்லப் பழகுவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும், ஓடட்டும்.

நிபுணரைக் கூப்பிட்டு ஒருநாள் வகுப்பு வைப்பதில் தப்பில்லை, ஆனால் நான் பார்த்தவரைக்கும் அந்த வகுப்பு மறுநாளே மறந்துபோகும். நிற்பது ஒன்றுதான்: ஒரே இடம், ஒரே நேரம், ஒரு நோட்டு. குளக்கரையில் மூன்று இடத்தைத் தேர்ந்தெடுங்கள், மடைப் பக்கம் ஒன்று, மறுகால் பக்கம் ஒன்று, தண்ணீர் வந்து சேரும் மேல்பக்கம் ஒன்று. ஒவ்வொரு ஞாயிறும் காலை ஆறரைக்கு அதே இடத்தில் 15 நிமிடம் நில்லுங்கள். பார்த்தது எல்லாவற்றையும் எழுதுங்கள், காக்கை மைனா உட்பட. அரிய பறவையை மட்டும் எழுதுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அந்தப் பட்டியலால் பெரிய பயன் கிடையாது. எல்லாவற்றையும் எழுதினால்தான் ஒரு நாள் ஒன்று வராமல் போனது தெரியும்.

கூட்டமாக இருந்தால் எப்படி எண்ணுவது என்று கேட்பார்கள். முதலில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் பிடித்துக்கொண்டு, அதே அளவாகக் கூட்டம் முழுக்க நகர்த்திக்கொண்டே போங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, பேசிக்கொள்ளாமல் எழுதி, அப்புறம் ஒப்பிட வேண்டும். முதல் மாதம் ஒருவர் 60 என்பார், இன்னொருவர் 140 என்பார். போகப் போக நெருங்கி வருவார்கள். என்னவென்று தெரியாவிட்டால் "வெள்ளைக்கொக்கு வகை" என்று எழுதலாம், அதில் எந்தக் குறையும் இல்லை. யூகித்து ஒரு பெயரை எழுதுவதுதான் தப்பு.

இந்தப் பதிவைப் பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் இணையதளத்தில் ஏற்றலாம், செயலியில் பறவைப் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. 2015 முதல் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, அதில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து எழுதினால் போதும், உங்கள் பத்து பேருக்கும் சரியான முதல் பரீட்சை. உங்கள் பகுதிக்கே உரிய இன்னொன்றும் இருக்கிறது. மணிமுத்தாற்றில் ஏட்ரி என்ற சூழலியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அகத்தியமலை மையம் இருக்கிறது, அவர்கள் 2011 முதல் ஜனவரி மாதங்களில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்திவருகிறார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டத்துக் குளங்களுக்குத் தன்னார்வலர்கள் குழுக்குழுவாகப் போவார்கள். உங்களில் இரண்டு பேரை அந்தக் குழு ஒன்றில் சேர்த்துவிடுங்கள். ஒரே நாளில் நாலைந்து குளம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆளாகிவிடுவார்கள்.

தொலைநோக்கி ஒன்று போதும், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8x42 அளவு. கையிலிருந்து கைக்கு மாறட்டும். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன்காரர்கள் படம் போட்ட சின்னக் கையேடுகளைத் தமிழிலும் கொண்டுவந்திருக்கிறார்கள், அக்காமார்களுக்கு அது பயன்படும்.

—

இரவுநடை எழுதியது:

உள்ளான் அண்ணா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். நான் பறவைக்காரி இல்லை, ஆமைக்காரி. சென்னையில் கல்லூரி படிக்கும்போது மூன்று வருஷம் கடலாமை நடைக்குப் போனேன். 1988 முதல் மாணவர்களே நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்புக் குழு அது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, நள்ளிரவை ஒட்டி நீலாங்கரையில் தொடங்கிப் பெசன்ட் நகர் வரைக்கும் ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் கடற்கரையில் நடப்பார்கள். பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலம் அது, பெயரிலேயே மாதம் இருக்கிறது பாருங்கள்.

எனக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. முதல் வாரம் சும்மா கூட நடந்தேன். இரண்டாவது வாரம் மணலில் டிராக்டர் சக்கரம் போன மாதிரி ஒரு தடம் இருந்தது, முன்னால் போன அக்கா டார்ச்சை அணைக்கச் சொல்லிவிட்டு என்னைத் தடத்தின் ஓரமாக நடத்திக் கூட்டிப்போனார். ஒரு தடம் ஏறி வந்தது, ஒன்று இறங்கிப் போனது, நடுவில் மணல் கலைந்து கிடந்தது. எங்கே மணல் இளக்கமாக இருக்கிறது என்று குச்சியை மெதுவாக அழுத்திப் பார்க்கச் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது, முட்டையில் குத்திவிடுவேனோ என்று. அவர் என் கையைப் பிடித்து, "பலம் குடுக்காத, குச்சியோட கனமே போதும்" என்றார். குச்சி வழுக்கி உள்ளே போன இடத்தில் கையால் தோண்டினோம். உள்ளே குடுவை மாதிரி குழி, முழங்கை வரைக்கும் கை போனது, நூற்றுச் சொச்சம் முட்டை. ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே குடுவை வடிவத்தில் குழி தோண்டி வைத்தோம். ஐம்பது நாள் அளவில் குஞ்சு வந்தது. நான் வைத்த குழிக்கு நானே ராத்திரி காவல் இருந்தேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், கையில் ஒரு பொறுப்பைக் கொடுத்தால்தான் ஆள் தங்குவார். உங்கள் பத்து பேரில் ஒவ்வொருவருக்கும் ஒன்றைக் கொடுங்கள். தையல்காரருக்கு மடைப் பக்கம். அண்ணன் மகளுக்கு ஒரு மரம். ஒரே மரத்தை வாரம் ஒரு தடவை பார்த்து, இளந்தளிர் உண்டா, பூ உண்டா, காய் உண்டா, கொஞ்சமா நிறையவா என்று குறிக்கிற சீசன்வாட்ச் என்கிற திட்டம் இருக்கிறது, நிறையப் பள்ளிகள் அதில் சேர்ந்திருக்கின்றன. கரையில் நிற்கும் புளியோ வேம்போ எதுவானாலும் சரி.

ஒரு எச்சரிக்கை. ஆமை முட்டையை வனத்துறை அனுமதியோடுதான் அவர்கள் தொடுகிறார்கள். உங்கள் பிள்ளைகள் ஆர்வத்தில் கூட்டையோ முட்டையையோ தொட்டுவிடக் கூடாது, அவற்றைக் கலைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தூரத்தில் நின்று பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

—

வெட்டவெளி எழுதியது:

தயவுசெய்து அந்த 300 கன்றை இப்போது வாங்காதீர்கள். இதை எழுதத்தான் கணக்கே தொடங்கினேன்.

நான் விளாத்திகுளம் பக்கம். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் நாங்களும் உங்களைப் போலத்தான், இருபது இளைஞர்கள், வாரம் ஒரு வேலை. ஊருக்கு வெளியே புல் முளைத்த மேய்ச்சல் தரை ஒன்று இருந்தது, காகிதத்தில் தரிசு என்று பெயர். தரிசு என்றால் ஒன்றும் இல்லாத இடம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஒரு நிறுவனம் கன்று கொடுத்தது, நாங்கள் மாசியில் 200 குழி வெட்டினோம். படம் எடுத்தோம், செய்தித்தாளில்கூட வந்தது.

மூன்றாம் நாள் தண்ணீர் ஊற்றப் போனபோது ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்து என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். மாட்டுக் குளம்படிக் குழி ஒன்று, உள்ளங்கை அளவுகூட இருக்காது. அதற்குள் புல்லால் மெத்தை மாதிரி வைத்து இரண்டு முட்டை, பக்கத்திலேயே நாங்கள் வெட்டிப்போட்ட மண். "இதுமாதிரி நெறைய இருந்துச்சு தம்பி, நீங்க வெட்டும்போது நான் சொல்லலாம்னு வந்தேன், நீங்க எல்லாம் படிச்ச புள்ளைங்க, காரணமாத்தான் செய்வீங்கன்னு போயிட்டேன்" என்றார். அது சாம்பல் தலை வானம்பாடி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். சிட்டுக்குருவி அளவுதான், வெட்டவெளித் தரையில் மட்டும் கூடு வைக்கும், மரம் அடர்ந்துவிட்டால் அதற்கு அங்கே வேலையே இல்லை. ஆள்காட்டியும் அப்படித்தான், கூழாங்கல் மாதிரி நாலு முட்டையைக் கூர்முனை உள்பக்கமாக வைத்துத் தரையிலேயே இட்டிருக்கும், மிதிக்கிற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது.

எத்தனை கூடு எங்கள் மண்வெட்டியில் போயிற்று என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை அந்தப் பெரியவரின் வார்த்தை மனதில் கிடந்து அறுக்கிறது. அவர் சொல்ல வந்தார், எங்கள் தோரணையைப் பார்த்துத் திரும்பிப் போனார்.

அதனால் டீச்சர், நிபுணர் வேண்டுமா என்று கேட்டீர்களே, நிபுணர் உங்கள் ஊரிலேயே இருக்கிறார். குளத்தில் மீன் பிடிக்கிறவர், மடை திறக்கிற நீர்ப்பாய்ச்சி, வாத்து மேய்க்கிறவர், ஆட்டுக் கீதாரி. அவர்களை வாரம் ஒருவராக உட்கார வைத்துக் கேளுங்கள். எந்த மாதம் எந்த மீன், எந்தப் பறவை எப்போது வரும், முன்னால் வந்து இப்போது வராதது எது. நோட்டில் அவர்கள் சொன்ன பெயரையே முதலில் எழுதுங்கள், புத்தகப் பெயர் அடுத்த கட்டத்தில் வரட்டும். இருளர்களைப் பாருங்கள். வடநெம்மேலியில் 1978 முதல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறார்கள், நாட்டுக்கே விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துத் தருகிறார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017-ல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடா வரைக்கும் அழைக்கப்பட்டுப் போனார்கள், 2023-ல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். தடம் பார்க்கிற அந்தக் கல்வி எந்தக் கல்லூரியிலும் கிடைத்ததில்லை.

மரம் நட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வருஷம் பாருங்கள், எந்த இடத்தில் எது நடக்கிறது என்று தெரியட்டும். கரைக்கு மரம் வேண்டும் என்றால் பனை வையுங்கள், விதை போட்டால் போதும். நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்றுத் தரையில் மட்டும் எதையும் நட்டுவிடாதீர்கள், உள்ளான் பறவைகள் எல்லாம் இரை தேடிச் சாப்பிடுவது அங்கேதான்.

—

நேர்வழி எழுதியது:

எல்லோரும் நல்லதுதான் சொல்கிறீர்கள். ஆனால் ஒரு கேள்வி. எங்கள் ஊர்க் கண்மாயில் பாதியைக் காணவில்லை, ஆக்கிரமிப்பு. மண் அள்ளுகிறார்கள், ராத்திரி லாரி போகிறது. இந்த நிலையில் கொக்குக்குக் கால் மஞ்சளா கருப்பா என்று பார்த்துக்கொண்டிருந்தால் குளம் தங்குமா? பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

—

உள்ளான் எழுதியது:

நியாயமான கேள்வி, எனக்கும் அந்தக் கோபம் இருக்கிறது. மனு கொடுக்கப் போகும்போது "இங்கே நிறையப் பறவை வரும் ஐயா" என்று சொல்லிப் பாருங்கள், பிறகு "மூன்று வருஷம், 150 ஞாயிறு, இத்தனை வகை, தை மாதத்தில் இத்தனை எண்ணிக்கை, இதோ நோட்டு" என்று மேசையில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

திருப்பூர் நஞ்சராயன் குளம் ஊரை ஒட்டிக் கழிவுநீர்த் தொல்லையோடு கிடந்த குளம். அங்கே உள்ளூர் இயற்கை ஆர்வலர்கள் பல வருஷம் விடாமல் பறவைகளைப் பதிவு செய்தார்கள். 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024-ல் ராம்சர் இடமாகவும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாகவும் ஆனது. அரசு செய்ததுதான், ஆனால் அங்கே என்ன இருக்கிறது என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். இந்தியா முழுக்க எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான், 2023-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 வகைகளை ஆராய்ந்தது, அதற்கு அடிப்படை 30,000-க்கும் மேற்பட்ட சாதாரணப் பறவை ஆர்வலர்கள் எழுதிய மூன்று கோடிப் பதிவுகள். அந்தப் பதிவுகளை எழுதியவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் இல்லை.

அதனால் இதையும் செய்யுங்கள், அதையும் செய்யுங்கள். நோட்டில் பறவைக்குப் பக்கத்திலேயே லாரி எண்ணிக்கை, கொட்டிய குப்பை, தண்ணீர் மட்டம் எல்லாவற்றையும் தேதியோடு எழுதலாம்.

—

பதிவேடு எழுதியது:

சுருக்கமாக ஒன்று. 2002 பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அந்தக் குழு உள்ளூர் மக்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் அந்தக் குழு யார் யார், பதிவேடு எங்கே என்று கிராம சபையில் கேளுங்கள். பல ஊர்களில் பதிவேடு அலமாரியில் இருக்கும், உள்ளே எழுதியது யார் என்று ஊருக்கே தெரியாது. உங்கள் பத்து பேரின் நோட்டு அதற்குள் போய்ச் சேர வேண்டும். ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் உங்களோடு இருக்கிறார் என்றீர்களே, குளத்தின் புல எண், பரப்பு, கிராமத்து நில விவரம் இருக்கும் அ-பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த வேலையை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

—

ஆஸ்டின்வாசி எழுதியது:

நான் டெக்சாஸில் இருக்கிறேன், சொந்த ஊர் ராஜபாளையம். இங்கே மாஸ்டர் நேச்சுரலிஸ்ட் என்று ஒரு திட்டம் இருக்கிறது, நானும் என் மனைவியும் அதில் பயிற்சி முடித்தவர்கள், அதனால் எழுதுகிறேன். 1997-ல் சான் அன்டோனியோ நகரத்தில் உள்ளூர் முயற்சியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்கப் போனது. மாநில வனவிலங்குத் துறையும் வேளாண் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவும் சேர்ந்து நடத்துகின்றன. கணக்கு எளிது: முதலில் 40 மணி நேரம் பயிற்சி, அறைக்குள்ளும் உண்டு, வெளியிலும் உண்டு. அதன் பிறகு ஒரு வருஷத்துக்குள் 40 மணி நேரம் தன்னார்வ வேலை, 8 மணி நேரம் மேற்பயிற்சி. முடித்தால்தான் சான்று, ஒவ்வொரு வருஷமும் மறுபடி அதே 40, 8.

அதாவது கற்றுக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அதுதான் எனக்குப் பிடித்தது. எங்கள் வகுப்பில் பேருந்து ஓட்டுநர், செவிலியர், எழுபது வயதுப் பாட்டி எல்லோரும் இருந்தார்கள். மண், பாறை, நீர், புல், பூச்சி என்று தரையிலிருந்து மேலே போவார்கள், பறவை நடுவில்தான் வரும். எங்கள் பகுதிப் பாறை சுண்ணாம்புப் பாறை, மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி நிலத்தடியில் ஓடி வேறு இடத்தில் ஊற்றாக வருகிறது என்று முதல் வாரத்திலேயே காட்டிவிட்டார்கள். வீட்டுப் புல்வெளிக்கு நான் போடும் உரம் எங்கே போய்ச் சேருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. டீச்சர், நீங்களும் தண்ணீரிலிருந்து தொடங்கலாம், கால்வாய் எந்த அணைக்கட்டில் பிரிகிறது, மறுகால் தண்ணீர் எந்தக் குளத்துக்குப் போகிறது என்று பத்து பேரும் ஒரு நாள் நடந்தே போய்ப் பாருங்கள்.

வெட்டவெளி சொன்னது என்னை உலுக்கிவிட்டது. இங்கேயும் அதே கதைதான், டெக்சாஸின் கரிசல் புல்வெளி ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் இருந்தது, உழவும் நகரமும் தின்றது போக இன்று 1 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சமிருக்கும் துண்டுகளில் நாங்கள் களை பிடுங்குகிறோம். நான் முதல் நாள் பிடுங்கிய கன்று எது தெரியுமா? மலைவேம்பு. ஆசியாவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்தது, இங்கே ஓடைக்கரை முழுக்கப் பரவிவிட்டது. ஊரில் ஆசையாக வளர்க்கிற மரத்தைப் பிடுங்க முதலில் மனசு வரவில்லை. இங்கே மெஸ்கீட் என்று ஒரு முள்மரம் சொந்த மரமாக நிற்கிறது, அதன் நெருங்கிய உறவுதான் நம் ஊரில் கண்மாயை நிறைக்கிற சீமைக்கருவேலம். மரத்தில் நல்லது கெட்டது கிடையாது, அது எந்த மண்ணில் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

ஆள் குறைவதைப் பற்றி: இங்கே ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று எழுதி வைப்பார்கள், 250 மணி நேரம் தாண்டினால் சட்டையில் குத்திக்கொள்ளத் தட்டான் பொறித்த சின்ன ஊசி கொடுப்பார்கள். காசு மதிப்பு ஒன்றுமில்லை, ஆனால் அதைக் குத்திக்கொண்டு வருகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் தையல்காரர் ஒரு துணிச் சின்னம் தைத்துக் கொடுத்தால் போதும்.

—

குளத்தங்கரை எழுதியது:

மூன்று வாரமாகப் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். எழுதுவதற்கு ஏதாவது செய்துவிட்டு வருவோம் என்று இருந்தேன்.

300 கன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கொடுக்க வந்தவருக்குக் கொஞ்சம் வருத்தம். அவரையே ஞாயிற்றுக்கிழமை குளத்துக்கு வரச் சொன்னோம், வந்தார். அவர் நடச் சொன்ன அதே வெட்டவெளியில் இரண்டு ஆள்காட்டிகள் எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே சுற்றின. அவர் ஒன்றும் பேசவில்லை, பனங்கொட்டை வேண்டுமானால் ஆவணியில் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காமாரில் ஒருவர் வீட்டில் மூன்று தலைமுறையாகக் குளத்தில் மீன் பிடிக்கிறார்கள். இத்தனை மாதம் என் பக்கத்தில் நின்று குப்பை பொறுக்கினார், நான் ஒரு தடவைகூட அவரிடம் எதையும் கேட்டதில்லை. வெட்டவெளி எழுதியதைப் படித்த பிறகுதான் கேட்டேன். முக்குளிப்பான் பறவை கூட்டைத் தாமரை இலைக்கு நடுவில் மிதக்கவிட்டிருப்பதையும், தாய் வெளியே போகும்போது முட்டையை ஈரப் பாசியால் மூடிவிட்டுப் போவதையும் சொன்னார். மூடியிருப்பதால் அது வெறும் பாசிக் குப்பை என்று நினைத்து ஒதுக்கித் தள்ளிவிடுவார்களாம். நாங்கள் புரட்டாசியில் வாரி எறிந்த பாசி நினைவுக்கு வந்தது. இனிமேல் தண்ணீருக்குள் இருப்பதை அவர் சொல்லாமல் தொடமாட்டோம். மடைப் பக்கம் அவர் பொறுப்பு.

கிராம சபையில் பல்லுயிர்ப் பதிவேட்டைப் பற்றிக் கேட்க மனு எழுதிவிட்டோம், தை 26-ம் தேதி என்று தப்பாக எழுதி, ஜனவரி 26 என்று பெரியவர் திருத்தினார். மணிமுத்தாற்றுக்குக் கல்லூரி மாணவர்கள் இருவரும் போகிறார்கள். பொங்கல் கணக்கெடுப்புக்கு எல்லோரும் தயார்.

போன ஞாயிறு மறுகால் பக்கம் நின்றோம். மஞ்சள் அலகு எதுவும் இல்லை, கருப்பு அலகு ஒன்று சேற்றில் நின்றது. சின்ன வெள்ளைக்கொக்கு என்று நான் எழுதப் போனேன். "பாதம் தெரியல அத்தை, எழுதாதீங்க" என்றாள் அண்ணன் மகள். பாதம் சேற்றுக்குள் இருந்தது. பத்து பேரும் நின்றோம். பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று, தையல்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அது ஒரு காலைத் தூக்கியது.

மஞ்சள்.

உள்ளான் அண்ணாவிடம் ஒரு கேள்வி. மேல்பக்கத்தில் கருப்பு உடம்பு, வெள்ளை மூக்கோடு நெற்றியில் நாமம் போட்ட மாதிரி ஒன்று கூட்டமாக நீந்துகிறது, அக்கா நாமக்கோழி என்கிறார். பத்து பத்தாக நகர்த்தி எண்ணினோம், எனக்கு 110, அவருக்கு 190. எதை எழுதுவது?

—

உள்ளான் எழுதியது:

நாமக்கோழியேதான். இரண்டையும் எழுதாதீர்கள் டீச்சர். நாளைக் காலை மறுபடி போய், இடம் மாறி நின்று, அவர் முதலில் எண்ணட்டும்.